பரணுக்குப் போன கத்தி

தொட்டிலில் நாற்பது நாள் குழந்தை தூங்குகிறது. காய் நறுக்கிக்கொண்டிருக்கும் தாயின் மனதில் சட்டென்று ஒரு காட்சி: இந்தக் கத்தியால் குழந்தையை நானே குத்திவிட்டால்? உடம்பெல்லாம் நடுங்குகிறது. அன்று மாலைக்குள் வீட்டிலுள்ள கத்தி, அரிவாள்மணை எல்லாம் பரணுக்குப் போய்விடுகின்றன. குழந்தையோடு தனியாக இருக்க மறுக்கிறாள். “பெத்த புள்ள மேல பாசமே இல்ல” என்கிறார் மாமியார். காத்து கருப்பு அடித்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் பேச்சு.

இது ஒரு கற்பனைக் குடும்பம்தான். ஆனால் மனநல மருத்துவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. இதன் பெயர் எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓசிடி. மேஜையைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறவர்கள் “எனக்குக் கொஞ்சம் ஓசிடி” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அதே ஓசிடிதான். நூறு பேரில் 1 முதல் 3 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் வெளியே தெரிந்துவிடும். சாமி கும்பிடும்போது வந்து விழும் ஆபாச வசையையோ, தொட்டிலருகே தோன்றும் கத்தியையோ யாரிடம் சொல்வது?

அந்த எண்ணம் மட்டும் நோயல்ல. 1978-ல் ராக்மன், டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் நோயில்லாத சாதாரண மனிதர்களிடம் விசாரித்தார்கள். பத்தில் எட்டுப் பேர் தங்களுக்கும் இப்படி வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். மொட்டைமாடிச் சுவரோரம் நிற்கும்போது ‘குதித்தால் என்ன?’ என்று நமக்கும் தோன்றியிருக்கும். தோன்றும், போய்விடும். ஓசிடி உள்ளவருக்கு அது போவதில்லை. ‘இப்படி நினைத்த நான் எப்படிப்பட்டவள்?’ என்ற கேள்வி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எதை உயிராக மதிக்கிறாரோ அங்கேதான் எண்ணம் குத்துகிறது: பக்தருக்குத் தெய்வ நிந்தனை, தாய்க்குக் குழந்தை. அந்த நடுக்கத்துக்குக் காரணமே பாசம்தான்.

(பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு வேறு. குரல்கள் கேட்பது, நாள்கணக்கில் தூக்கமில்லாமை, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை இவையெல்லாம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

‘நினைக்காதே’ என்று சொன்னால் போதாதா? 1987-ல் உளவியலாளர் டேனியல் வெக்னர் மாணவர்களிடம், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

ஆறுதலும் இங்கே ஒரு பொறிதான். “என்னங்க, நான் அப்படிச் செஞ்சிடுவேனா?” என்று அவள் கேட்பாள். “சீச்சீ, ஒண்ணும் ஆகாது” என்பார் கணவர். பத்து நிமிடம் நிம்மதி. பிறகு மறுபடி அதே கேள்வி. ஒவ்வொரு பதிலும், இது பதில் தேவைப்படும் ஆபத்துதான் என்று மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. திட்டுவதைவிட இது மேல் என்பேன். ஆனால் சுழலை நிறுத்தாது.

1966-ல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் வேறு வழி காட்டினார். பயப்படும் பொருளை நெருங்கவிட்டு, பதற்றத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கினார். பதற்றம் ஏறும், நிற்கும், தானே இறங்கும். இந்த மாற்றம் மூளையிலும் தெரிகிறது. ஓசிடியோடு தொடர்புடைய மூளைச் சுழற்சிப் பாதையில் காடேட் என்றொரு பகுதி உண்டு. மாத்திரையால் குணமானவர்களுக்கும் இத்தகைய பயிற்சியால் குணமானவர்களுக்கும் அதன் மிகைத் துடிப்பு ஒன்றுபோலத் தணிந்ததை 1992-ல் லூயிஸ் பாக்ஸ்டர் குழு ஸ்கேனில் பார்த்தது. ஆகவே மந்திரிப்பதற்கு முன் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

சிகிச்சையின் ஏதோ ஒரு வாரத்தில் கத்தி பரணிலிருந்து இறங்கும். தொட்டில் அடுக்களை வாசலில் இருக்கும். “ஒண்ணும் ஆகாது” என்ற சொல் கணவருக்கு நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவர் வெங்காயம் உரிக்கலாம்.