ஈக்குள் ஒரு புராஸ்டேட்?

ஆண் பழ ஈயின் வயிற்றுக்குள் விரல் வடிவில் இரண்டு குழல்கள் உண்டு. துணைச் சுரப்பிகள் என்று பெயர். விந்தணுவைத் தயாரிப்பது விரை. அதனுடன் கலக்கும் திரவத்தைச் சுரப்பவை இவை. மனித ஆணுக்கு இந்த வேலையைப் பெருமளவு செய்பவை விந்துப் பைகளும் புராஸ்டேட்டும்.

உருவத்தை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்றும் தேறாது. பூச்சிகளின் முன்னோரும் நம் முன்னோரும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. புராஸ்டேட்டோ பாலூட்டிகளிடம் மட்டுமே இருக்கும் உறுப்பு. அதனால்தான் ஆய்வாளர்கள் செல்லுக்குள் போய்ப் பார்க்கிறார்கள். உடலின் எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான். எது எங்கே வேலை செய்கிறது என்பதில்தான் கல்லீரலும் சுரப்பியும் வேறுபடுகின்றன. வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ. பிரதிகளை உண்டாக்கும். அவற்றைச் செல் வாரியாக எண்ணினால் அந்தச் செல்லின் குணம் தெரிந்துவிடும்.

ஈயின் ஒவ்வொரு குழலிலும் முதன்மைச் செல்கள் சுமார் 1,000. இவை சுரக்கும் புரதங்களில் பெயர்பெற்றது 36 அமினோ அமிலங்களே கொண்ட ‘செக்ஸ் பெப்டைடு’. இது உள்ளே போனதும் பெண் ஈ பல நாட்களுக்கு வேறு ஆணை அண்டவிடாது. முட்டை இடுவதும் கூடிவிடும். மனிதரிடம் இதற்கு இணை கிடையாது. ஆனால் அதே சுரப்பில் செரின் புரோட்டியேஸ் என்னும், புரதங்களை வெட்டும் நொதிகளும் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் நாம் கேள்விப்படும், புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ.வும் இந்த வகை நொதிதான். உறைந்த விந்தை இளகச் செய்வது அதன் இயல்பான வேலை.

குழலின் நுனிப்பக்கம் இன்னொரு வகை. சுமார் 40 செல்கள்தான். ஆனால் ஒவ்வொன்றின் உள்ளேயும் பெரிய பெரிய நீர்ப்பைகள். இவை எக்சோசோம் என்ற நுண்குமிழ்களைத் திரவத்தில் விடுகின்றன. புராஸ்டேட் சுரப்பிலும் இப்படிக் குமிழ்கள் உண்டு. இன்னும் வியப்பு, இச்செல்களில் இயங்கும் ‘அப்டாமினல்-பி’ என்ற மரபணு. புராஸ்டேட் செல்களை வழிநடத்தும் ஹாக்ஸ்-பி13 இதன் உறவுக்காரன். ஹாக்ஸ்-பி13-இல் பரம்பரையாக வரும் ஒரு மாற்றம் புராஸ்டேட் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2012-இல் தெரியவந்தது.

அதே 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் மற்றொன்றைக் கண்டார்கள். வயது ஏற ஏற, இணைசேரச் சேர, இந்த நுனிச் செல்கள் பருக்கின்றன. சில இடம்பெயர்ந்தும் போகின்றன. முதுமையில் வீங்கும் புராஸ்டேட் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஆனாலும் நிதானம் தேவை. புராஸ்டேட்டை வளரச் செய்யும் டெஸ்டோஸ்டிரோன் ஈயிடம் இல்லை. அதன் ஸ்டீராய்டு ஹார்மோன் எக்டைசோன். ஈயில் பலித்த மருந்து மனிதனுக்கும் பலிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்தச் செல்லில் எந்த மரபணு இயங்குகிறது என்று காட்டும் பழ ஈயின் செல் வரைபடம் 2022-இல் வெளியானது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உயிரியல் படிக்கும் எந்த மாணவரும் இந்த ஒப்பீட்டைத் தாமே செய்து பார்க்கலாம்.