அதிர்ஷ்டமா? உழைப்பா?

வகுப்பில் ஒரு மாணவிக்குப் பரிசு கிடைக்கிறது. உடனே ஒருவர், "அவளுக்கு நல்ல அதிர்ஷ்டம்ப்பா!" என்கிறார். இன்னொருவர், "அதெல்லாம் இல்ல, அவ ராத்திரி பகலா படிச்சா!" என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பதில் சொல்வதற்கு முன்னால், ஒரு கடிதத்தின் கதையைக் கேளுங்கள்.

1913ஆம் ஆண்டின் தொடக்கம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஹார்டி என்ற கணித அறிஞர் இருந்தார். அவருக்குச் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பக்கம் பக்கமாகக் கணிதச் சூத்திரங்கள்! எழுதியவர் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்கு எழுதும் ஓர் இளைஞர். அவர் பெயர் ராமானுஜன்.

'யாரோ நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்களோ?' என்று ஹார்டி முதலில் சந்தேகப்பட்டார். ஆனால் அந்தச் சூத்திரங்கள் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. இரவில் தன் நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதை எழுதியவர் பெரிய மேதை என்று இருவருக்கும் புரிந்தது. அடுத்த ஆண்டே ராமானுஜன் கப்பலேறி இங்கிலாந்து சென்றார்.

"அடடா, என்ன அதிர்ஷ்டம்!" என்று தோன்றுகிறதா? உண்மைதான். ஹார்டிக்கு முன்பே கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கு ராமானுஜன் எழுதியிருந்தார். அவர்கள் உதவவில்லை. ஹார்டியும் அந்தக் கடிதத்தை ஒதுக்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம்.

ராமானுஜன் 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். அவருடைய அப்பா ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். வீட்டில் வசதி இல்லை. ஏறக்குறைய 16 வயதில் ராமானுஜனுக்கு ஒரு கணிதப் புத்தகம் கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு முழு விளக்கம் இல்லை. 'இது எப்படி வந்திருக்கும்?' என்று அவரே யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தார். பிறகு புதிய சூத்திரங்களையும் உருவாக்கினார்.

தாள் வாங்கப் பணம் போதவில்லை. அதனால் சிலேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடியும் போடுவார். முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைப்பார். கணக்கிலேயே மூழ்கியதால் மற்றப் பாடங்களில் தோற்றார். கல்லூரி உதவித்தொகை போய்விட்டது. நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தார். 1912இல்தான் துறைமுக வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

ஆகவே, ஹார்டி ஒரே இரவில் படித்த அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஏறக்குறைய பத்து ஆண்டு உழைப்பு இருந்தது. அந்த நோட்டுகள் வெறுமையாக இருந்திருந்தால், கடிதத்தில் எழுத ஒன்றும் இருந்திருக்காது. கடிதத்தை யாரும் படிக்காமல் விட்டிருந்தால், அத்தனை உழைப்பும் நோட்டுக்குள்ளேயே கிடந்திருக்கும். இரண்டு கையும் தட்டினால்தானே ஓசை வரும்?

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு பேர் உதவாத பிறகும் ராமானுஜன் மூன்றாவது கடிதம் எழுதினார். ஒரு பகடையை உருட்டிப் பாருங்கள். ஒரு முறை உருட்டினால், 6 விழ ஆறில் ஒரு வாய்ப்புதான். நான்கு முறை உருட்டினால், ஒரு தடவையாவது 6 விழும் வாய்ப்பு பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்! எந்த எண் விழும் என்பது நம் கையில் இல்லை. மறுபடியும் உருட்டுவது நம் கையில் இருக்கிறது.

ஆனால் பத்து முறை உருட்டியும் 6 விழாமல் போகலாம். அதனால், நன்றாக முயன்றும் தோற்ற ஒருவரிடம், "நீ சரியா உழைக்கல" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். ராமானுஜனையே பாருங்கள். 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. அது மிகப் பெரிய பெருமை. ஆனால் அவர் நோயால் வாடினார். 1920இல், 32 வயதிலேயே இறந்துவிட்டார். அதற்கு உழைப்புக் குறைவா காரணம்? இல்லையே! அவருடைய நோட்டுகளைக் கணித அறிஞர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

சரி, ராமானுஜனின் அதிர்ஷ்டம் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. மனிதர்களிடமிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஹார்டி. அவருக்கும் முன்னால், இந்தியாவில் ராமசாமி ஐயர், ராமச்சந்திர ராவ் போன்றவர்கள். நோட்டைப் பிரித்துப் பார்க்க அவர்கள் நேரம் ஒதுக்கினார்கள். ராமச்சந்திர ராவ் சில காலம் பணமும் கொடுத்து உதவினார்.

அப்படியானால், நீங்களும் இன்னொருவருக்கு அதிர்ஷ்டமாக இருக்கலாம், இல்லையா? உங்கள் வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இந்த நாட்டு மொழி இன்னும் சரியாக வராமல் இருக்கலாம். ஒருநாள் அந்தப் பிள்ளை உங்களிடம் ஒரு படத்தையோ கதையையோ நீட்டி, "இதைப் பாக்கிறியா?" என்று கேட்டால், "அப்புறம் பாக்கிறேன்" என்று சொல்லாதீர்கள்.

வாங்கிப் பாருங்கள்.