டிராக் காரின் பின் ஆக்சிலை உடைப்பது எது?

அமெரிக்காவில் கால் மைல் டிராக் பந்தயத்துக்கு கார் தயார் செய்பவர்கள் முதலில் பணத்தைக் கொட்டுவது எஞ்சினில்தான். சூப்பர்சார்ஜர், வலுவான பிஸ்டன், பெரிய கேம்ஷாஃப்ட் எல்லாம் ஏறி, குதிரைத்திறன் 800, 1,000 என்று உயர்ந்த பிறகே காரின் பின்பக்கம் குனிந்து பார்க்கிறார்கள். "இத்தனை குதிரைத்திறனை எந்த டிஃபரன்ஷியல் தாங்கும்?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. அனுபவமுள்ள மெக்கானிக் இதற்கு உடனே பதில் சொல்லமாட்டார். காரின் எடை என்ன, எந்த டயர், கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்று திருப்பிக் கேட்பார்.

ஏன் கேட்கிறார் என்பது ஒரு சின்னக் கணக்கில் புரிந்துவிடும். எஞ்சின் 1,100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். டர்போ 400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 2.48. பின் ஆக்சில் விகிதம் 3.73. மூன்றையும் பெருக்கினால் 10,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்சின் இடத்தில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் புறப்படும் நொடியில் கூட்டித் தருவது தனி. ஆனால் 1,500 கிலோ காரில் சாதாரண சாலை டயர் மாட்டியிருந்தால், தோராயமாக 3,500 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கிச் சுழன்றுவிடும். மிச்ச விசை ஆக்சிலுக்கு வந்து சேர்வதே இல்லை. அதே காரில் பள்ளக்கோடுகள் இல்லாத ஸ்லிக் டயரை மாட்டி, பசை தெளித்த ஓடுதளத்தில் நிறுத்தினால் டயர் வழுக்காது. ஏறக்குறைய முழு விசையையும் ஆக்சில்தான் வாங்க வேண்டும். எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல், டயரை மாற்றிய அன்றே ஆக்சில் உடைவது இதனால்தான். மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சைச் சட்டென விடும்போது விழும் அதிர்ச்சி இதைவிட மோசம்.

ஆகவே டயரின் பிடிப்பையும் காரின் எடையையும் வைத்துத்தான் டிஃபரன்ஷியலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிராக் உலகில் அதிகம் புழங்குவது ஃபோர்டு 9 இன்ச். 1957-இல் வந்தது, 1986 வரை ஃபோர்டு வண்டிகளில் இருந்தது. உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம்தான் அதன் பெயர். அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம் பினியன். பெரும்பாலான டிஃபரன்ஷியல்களில் பினியனின் பல் முனையைத் தாங்க எதுவும் இருக்காது. 9 இன்ச்சில் அந்த முனையையும் ஒரு பேரிங் பிடித்துக்கொள்கிறது. அதனால் முழு விசை விழும்போது பினியன் கிரவுன் வீலைவிட்டு விலகப் பார்ப்பது குறைகிறது, பற்கள் பிழைக்கின்றன. இன்னொரு வசதி, கியர் தொகுதி முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி எடுத்துவிடலாம். பந்தயத் திடலிலேயே விகிதத்தை மாற்ற நினைப்பவருக்கு இது பெரிய விஷயம். பினியன் மிகத் தாழ்வாக இருப்பதால் பற்களுக்கிடையே உராய்வு அதிகம், கொஞ்சம் சக்தி வீணாகும். வலுவுக்காக அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஜெனரல் மோட்டார்ஸின் 12 போல்ட் டிஃபரன்ஷியல் ஏற்கெனவே காரில் இருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதில் உராய்வு இழப்பு 9 இன்ச்சைவிடக் குறைவு. கனமான காருக்கு 9.75 அங்குல கிரவுன் வீல் கொண்ட டானா 60 நல்ல தேர்வு, எடைதான் கூடுதல். 1980-களின் கமாரோக்களில் வந்த சிறிய 10 போல்ட்டில் மட்டும் பணம் போடாதீர்கள்.

டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் ஆக்சில் ஷாஃப்டின் வலுவை, அதன் முனையில் வெட்டிய ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கையால் குறிப்பிடுவார்கள். 31 பல் ஷாஃப்டின் விட்டம் சுமார் 34 மி.மீ., 35 பல்லுக்கு 38, 40 பல்லுக்கு 43. முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். எனவே 31-இலிருந்து 35-க்குப் போனாலே வலு 40 சதவீதம் ஏறுகிறது. 40-க்குப் போனால் இரு மடங்காகிறது. 2018-இல் டாட்ஜ் விற்ற 840 குதிரைத்திறன் சேலஞ்சர் டீமன், டிராக் டயரோடே ஆலையிலிருந்து வந்தது. அதனால்தான் அதற்கு 41 பல் ஷாஃப்டுகள்.

ஷாஃப்டைச் சக்கரத்தோடு பிடித்துவைப்பது எது என்பதையும் பார்க்க வேண்டும். 12 போல்ட் போன்றவற்றில் ஷாஃப்டின் உள்முனையில் ஒரு சிறு சி வடிவக் கிளிப் மட்டுமே பிடிமானம். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் அது உயிர்ப் பிரச்சினை. கால் மைலை 10.99 வினாடியிலோ அதற்குள்ளோ முடிக்கும் கார்களுக்குத் தனியே தயாரித்த வலுவான ஆக்சிலும் அதை வெளியே விடாத பிடிப்பானும் கட்டாயம் என்று அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.ஹெச்.ஆர்.ஏ. விதித்திருப்பது இதற்காகத்தான். இரு சக்கரங்களையும் பூட்டிவிடும் ஸ்பூல் பொருத்திய காருக்கும், வேகம் எதுவானாலும், இதே விதிதான். ஸ்பூலில் ஒரு பக்க ஷாஃப்ட் உடைந்தால் மொத்த விசையும் மறுபக்கச் சக்கரத்துக்குப் போய், கார் சட்டென ஒரு பக்கமாகத் திரும்பும். பந்தயத்துக்கு மட்டும் ஓடும் காருக்கு எடை குறைந்த, எளிய ஸ்பூல் சரி. சாலையிலும் ஓட்டுவதாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் அது ஷாஃப்டை முறுக்கும், மழையில் காரை இழுக்கும். அந்தக் காருக்கு, நேராகப் போகும்போது பூட்டி வளைவில் விட்டுக்கொடுக்கும் லாக்கர் வகையே ஏற்றது.

ஆக்சில் விகிதத்தை முடிவுக்கோட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 28 அங்குல டயர், கோட்டைக் கடக்கும் வேகம் மணிக்கு 225 கி.மீ. என்றால், கடைசிக் கியர் நேரடியாக (1:1) இருக்கும் கியர்பாக்ஸில் 4.10 விகிதம் எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 6,900 சுற்றுக்குக் கொண்டுபோகும். கன்வர்ட்டர் வழுக்கலையும் சேர்த்தால் இன்னும் சில நூறு கூடும். உங்கள் எஞ்சினின் உச்சம் 6,500 என்றால் 3.73 போதும்.

ஷாஃப்டை மாட்டும் முன் அதன் நீளவாக்கில் பெயின்ட்டால் நேர்கோடு ஒன்று இழுத்துவையுங்கள். சில பந்தயங்களுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கோடு சாய்ந்திருந்தாலோ, ஸ்ப்லைன் பற்கள் திருகியிருந்தாலோ ஷாஃப்ட் தன் எல்லையைக் கடந்துவிட்டது. அடுத்த ஓட்டத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும்.