ரப்பர் பால் ஏன் உறைகிறது? வேடம் கட்டினால் புரியும்

2015ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் டெபி ஹீர்கென்ஸ் என்ற உயிரியல் ஆசிரியை, வகுப்பில் மேசை மீது ஏறி நின்று மேலாடையைக் கழற்றினார். உள்ளே உடலோடு ஒட்டிய இன்னோர் ஆடை. அதில் மனிதத் தசைகள் அச்சிடப்பட்டிருந்தன. அதையும் கழற்றினால் அடியில் எலும்புக்கூடு! அந்தக் காணொளி உலகைச் சுற்றி வந்தது. 2019இல் ஸ்பெயினின் வல்லாடொலிட் நகரில் வெரோனிக்கா டூக்கே என்ற ஆசிரியை, உள்ளுறுப்புகள் வரைந்த உடையணிந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அந்தப் படங்களும் நம் கைப்பேசிகள் வரை வந்தன.

இதெல்லாம் ஐரோப்பாவுக்குச் சரி, பேராவில் நடக்குமா என்று கேட்பவர்கள் தோட்டத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நாடகம் பார்த்த தலைமுறையிடம் பேசிப் பார்க்கலாம். வேடம் கட்டிக் கதை சொல்வது நமக்குப் புதிதல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் வருவான். ராஜாவையே மடக்கிக் கேள்வி கேட்பான். சபைக்குப் புரியாததைப் பேச்சுத் தமிழில் உடைத்துச் சொல்வான். அறிவியல் வகுப்பில் இல்லாமல் போன ஆள் அவன்தான் என்பேன்.

கேள்வி கேட்க ஆள் இல்லாததன் விலை பெரிது. தமிழ்ப்பள்ளியில் ஒளிச்சேர்க்கை என்று படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் அதையே ஃபோத்தோசிந்தேசிஸ் என்று மலாய்மொழியில் சந்திக்கிறது. பாடம் தெரியும், சொல் தெரியாது. கேட்டால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறது. இப்படி மூன்று ஆண்டு மௌனமாக உட்கார்ந்த பிள்ளைதான், படிவம் நான்கில் பாடங்களைத் தேர்வு செய்யும்போது "அறிவியல் எனக்கு வராது" என்று ஒதுங்குகிறது. அறிவியலுக்கு 60, கலைக்கு 40 என்ற மாணவர் விகிதம் நாட்டின் இலக்காகி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது, இன்னும் எட்டவில்லை.

அறிவியலை மேடையேற்றிய முன்னோடிகள் நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1980இல் 'சாஸ்திர கலா ஜாதா' என்ற பெயரில் நாடகமும் பாட்டுமாக ஊர் ஊராகக் கிளம்பியது. 1987இல் இந்தியாவின் பல மூலைகளிலிருந்து புறப்பட்ட அறிவியல் கலைப் பயணங்கள் போபாலில் கூடின. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் இந்த மரபில் வந்ததே.

ஆனால் வேடம் போட்டாலே பாடம் புரிந்துவிடாது. 1989இல் அமெரிக்க ஆய்வாளர் ரூத் கார்னரும் அவருடைய குழுவினரும் ஒன்றைக் காட்டினார்கள். பாடத்தில் சுவையான, ஆனால் தேவையில்லாத செய்தியைச் சேர்த்தால், படிப்பவருக்கு அந்தச் சுவை நிற்கிறது, முக்கியக் கருத்து மறந்துபோகிறது. வெள்ளைக் கோட்டும் ஐன்ஸ்டைன் தலைமுடியும் வைத்துக்கொண்டு வழக்கமான பாடத்தையே நடத்தினால் இதுதான் நடக்கும். வேடமே பாடத்தின் விதியைச் சுமக்க வேண்டும்.

பேராவுக்குப் பொருத்தமான உதாரணம் ரப்பர். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ஒன்பது கன்றுகளிலிருந்து ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டதால், சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் இன்று படிவம் ஐந்தில் இருக்கும் பல பிள்ளைகள் மங்கில் பால் வடிவதைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தப் பால் அவர்களின் வேதியியல் பாடத்தில் இருக்கிறது.

பாலில் மிதக்கும் ஒவ்வொரு ரப்பர் துகளுக்கும் புரத உறை உண்டு. உறையின் மேல் எதிர்மின்னூட்டம், அதாவது மைனஸ். மைனஸும் மைனஸும் விலக்கிக்கொள்வதால் துகள்கள் ஒட்டுவதில்லை. பால் பாலாகவே இருக்கிறது. அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மைனஸைச் சமன்செய்துவிடும். பிறகு துகள்கள் மோதும், உறை கிழியும், உள்ளே சுருண்டிருக்கும் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பால் உறைந்துவிட்டது. வீட்டில் தயிர் உறைவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

இதை வகுப்பில் ஆடிப் பார்க்கலாம். ஆறு மாணவர்கள் கழுத்துக்குக் கீழே கறுப்புக் குப்பைப் பையை அணிகிறார்கள். அது புரத உறை. பைக்குள் நீளமான துணிக் கயிறுகள். பையின் மேல் காகித மைனஸ் குறிகள். விதி ஒன்றுதான்: மைனஸ் தெரியும்வரை ஒருவரை ஒருவர் ஒரு கை தூரத்துக்குள் நெருங்கக்கூடாது. அமில வேடக்காரர்கள் வந்து ஒவ்வொரு மைனஸ் மேலும் ஒரு பிளஸ்ஸை ஒட்டுகிறார்கள். எல்லாம் மறைந்ததும் மோதலாம், பையைக் கிழிக்கலாம், கயிறுகளைப் பின்னலாம். இந்த இடத்தில் வகுப்பு கூச்சல் போடும், போடட்டும். தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் நகைதானே முதலில் நிற்கிறது!

அடுத்த காட்சி அம்மோனியா. அமிலம் ஊற்றாவிட்டாலும் பால் மெல்ல உறையும். பாக்டீரியா அதில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அம்மோனியா வேடக்காரர் அந்தப் பிளஸ்களை ஒட்டவிடாமல் வாளியில் பறித்துப் போடுகிறார், பால் தப்பிக்கிறது. கடைசியில் மஞ்சள் சட்டைக் கந்தகம் வந்து கயிறுகளுக்கிடையே முடிச்சுப் போட்டால் அது வல்கனைசேஷன். முடிச்சுப் போட்ட கயிறுகளை இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பும்.

கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயத்துக்கும் இதே வழி. செம்பு அணுக்களாக மாணவர்கள் வரிசை வரிசையாக நின்றால், ஒரு வரிசையைத் தள்ளினால் வழுக்கிப் போகும். நடுவில் முதுகிலும் நெஞ்சிலும் புத்தகப் பை மாட்டிய சிலரை வெள்ளீயமாக நிறுத்துங்கள், வரிசை நகராது. செம்பைவிட வெண்கலம் கடினமாக இருப்பதன் காரணம் அதுதான்.

கட்டியங்காரனை மறக்க வேண்டாம். "ஏன்டா நெருங்க மாட்டேங்கிற?" என்று அவன் ஒவ்வொரு துகளையும் கேட்க வேண்டும். "பயமா இருக்கு" என்று துகள் பதில் சொன்னால் ஆசிரியர் அங்கேயே நிறுத்தித் திருத்த வேண்டும். துகளுக்குப் பயம் இல்லை, மின்னூட்டம்தான் உண்டு. நாடகம் விதைக்கும் தவறான கருத்துகள் பாடப்புத்தகத் தவறுகளைவிட ஆழமாக வேரூன்றும்.

தேர்வு மலாயில் என்பதால், வேடம் கலைக்கும் முன்பே ஒவ்வொரு துகளும் தனக்கு நடந்ததை நான்கு வரியில் மலாயில் எழுதிவிட வேண்டும். ஸாரா கெத்தா, மெம்பரான் புரோத்தின், பெங்கும்பாலான் என்ற சொற்கள் அப்போது மனப்பாடச் சொற்களாக இருக்காது. பள்ளி நேரத்தில் இடமில்லை என்றால் தமிழ்மொழிக் கழகத்திலோ டியூஷன் வகுப்பிலோ ஒரு மணி நேரம் போதும். பால் வெட்டிய பாட்டி ஒருவர் வந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. மழைத் தண்ணீர் விழுந்த பாலை என்ன செய்வார்கள், ஒட்டுப்பாலுக்கு ஏன் அந்த நாற்றம் என்று பிள்ளைகள் கேட்கட்டும்.