பெற்ற மனமும் இறைவனின் மனமும்

"பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. பிள்ளை என்ன செய்தாலும் பெற்றவர்களுக்கு வெறுக்கத் தெரியாது. அந்த அன்பு கணக்குப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது பைத்தியக்காரத்தனமாகவே தெரியும். இதில் வரும் "பித்து" என்ற சொல்லைச் சற்று நின்று கவனிப்போம். கடவுள் நம்மை அன்பு செய்யும் விதத்தைச் சொல்ல வந்த தூய பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் முதல் அதிகாரத்தில், அறிவாளிகளின் கண்ணுக்கு அது மடமையாகத்தான் தோன்றும் என்கிறார். சிலுவை அவர்களுக்குப் பித்தாகவே தெரிந்தது. நம் பழமொழியும் பவுலின் மடலும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

இந்த அன்பை நேரில் பார்க்க வேண்டுமானால் கல்மண்டபம் பக்கம் வந்தால் போதும். இராயபுரத்தில், இராஜா சர் சவலை இராமசாமி முதலியாரின் கொடையால் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி என்றால்தான் வடசென்னையில் எல்லாருக்கும் தெரியும். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என இந்தக் கரையோரத்துக் குடும்பங்களில் எத்தனையோ பேர் அங்கே பிறந்தவர்கள். பிளாஸ்க்கும் வயர் கூடையுமாக வெளியே காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்திருப்போம். உள்ளே பிறக்கும் குழந்தை இதுவரை என்ன செய்துவிட்டது? ஒரு மார்க் வாங்கவில்லை. ஒரு ரூபாய் சம்பாதிக்கவில்லை. "அம்மா" என்றுகூட இன்னும் சொல்லவில்லை. தாயை வலியில் துடிக்க வைத்ததுதான் அது செய்த ஒரே காரியம். ஆனாலும் அதைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தவுடன் அந்தத் தாய் அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

இயேசுவின் திருமுழுக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மாற்கு நற்செய்தியில் அது முதல் அதிகாரத்திலேயே வருகிறது. அதுவரை இயேசு ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை, ஒரு போதனையும் செய்யவில்லை, ஒரு சீடரையும் அழைக்கவில்லை. அப்போதே விண்ணகத் தந்தை அவரைத் தம் அன்பு மகன் என்றும், அவரில் பூரிப்படைவதாகவும் சொல்கிறார். வேலை முடிந்த பிறகு கிடைத்த பாராட்டு அல்ல இது. வேலை தொடங்கும் முன்பே கிடைத்த அன்பு. தூய யோவானின் முதல் மடல் (4:10, 19) சொல்வதும் இதுவே. முதலில் அன்பு செய்தது நாம் அல்ல, அவர். நம் திருமுழுக்கும் அப்படித்தான். விசுவாச அறிக்கையைச் சொல்லத் தெரியாத பச்சிளங்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருமுழுக்குத் தொட்டிக்கு வருகிறோமே, எந்தத் தகுதியைப் பார்த்து?

விவிலியம் இந்த அன்புக்குப் பயன்படுத்தும் சொல்லே வயிற்றிலிருந்து வருகிறது. எபிரேயத்தில் "ரெகெம்" என்றால் கருப்பை. அதிலிருந்து பிறந்த "ரகமீம்" என்ற சொல்தான் பழைய ஏற்பாட்டில் கடவுளின் இரக்கத்தைக் குறிக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1980இல் இறை இரக்கத்தைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். நமக்கு இதைப் புரிந்துகொள்ள எபிரேயம் படிக்க வேண்டியதில்லை. "பெற்ற வயிறு பற்றி எரியுதே" என்று மகனைப் பறிகொடுத்த தாய் கதறும்போது இதே சொல்லைத்தான் கேட்கிறோம். இறைவனைத் தாயுமானவர் என்று அழைத்த மண் இது. எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தாரும் தாயின் இறுதிக் கடனுக்கு மட்டும் வந்து நின்றார் என்பார்கள்; அவருடைய சமாதி நம் திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. திருத்தந்தை முதலாம் யோவான் பவுல், 1978 செப்டம்பர் 10ஆம் நாள் மூவேளைச் செப உரையில் கடவுள் நமக்குத் தந்தை, அதைவிடத் தாய் என்று சொன்னபோது உலகம் வியந்தது. தமிழனுக்கு அதில் வியப்படைய அதிகம் இல்லை.

ஆனால் பெற்றோரின் அன்பு உண்மையிலேயே நிபந்தனை இல்லாததா? இங்கேதான் நாம் நேர்மையாக இருக்க வேண்டும்.

மகள் தனக்குப் பிடித்தவரை, வேறு சாதியிலோ வேறு மதத்திலோ, திருமணம் செய்துகொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். "அவளைத் தலைமுழுகிவிட்டோம்" என்கிறோம். ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுக்கிறோம். இவருக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுப்பவர்களும் உண்டு. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வரும் குடும்பங்களிலும் இது நடக்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகப் பயப்படுகிறது என்றால், அந்த வீட்டில் அன்புக்கு ஒரு கட்ஆப் மார்க் வைத்திருக்கிறோம் என்றுதானே பொருள்?

லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தின் தந்தையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அவர் எவ்வளவு பெரியவர் என்பது விளங்கும். தந்தை உயிரோடு இருக்கும்போதே இளைய மகன் சொத்தில் பங்கு கேட்கிறான். நீங்கள் எப்போது சாவீர்கள் என்று கேட்பதற்கு அது சமம். அவரோ பிரித்துக் கொடுக்கிறார். அங்கே லூக்கா பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்கு வாழ்க்கை, பிழைப்பு என்ற பொருளும் உண்டு. அவர் கொடுத்தது வெறும் சொத்து அல்ல, தம் வாழ்வு. அடங்காத மகனைப் பெற்றோரே ஊர்ப் பெரியவர்களிடம் நகர வாயிலுக்குக் கொண்டுவர வேண்டும், ஊரார் அவனைக் கல்லால் எறிய வேண்டும் என்று இணைச்சட்டம் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. சட்டம் அறிந்தவர்கள்தான் இயேசுவைச் சுற்றி நின்று இந்த உவமையைக் கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது வேறு. கதையில் வரும் தந்தையோ மகன் தொலைவில் வரும்போதே பார்த்துவிடுகிறார், ஓடுகிறார். வயதான பெரிய மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினால் நம் தெருவிலேயே என்ன பேசுவார்கள்! ஊர் அவனைப் பார்த்து வாய் திறப்பதற்கு முன் அவர் அவனைக் கட்டிப்பிடித்துவிட வேண்டும். அவமானம் இப்போது மகனுடையது அல்ல, ஓடிய தந்தையுடையது.

மகன் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பு வசனத்தை அவர் முழுமையாகச் சொல்லக்கூட விடவில்லை. கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் அவன் வந்தான். அந்தப் பகுதி வருவதற்குள் ஆடையும் மோதிரமும் வந்துவிட்டன.

நிபந்தனையற்ற அன்பு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று இதைச் சிலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். கஞ்சாவுக்கும் குடிக்கும் காசு கொடுத்துவிட்டு "என் பிள்ளைமேல் பாசம்" என்பது இந்தத் தந்தையின் வழி அல்ல. தொலை நாட்டில் பஞ்சம் வந்தபோது அவர் ஆள் மூலம் பணம் அனுப்பியதாகக் கதையில் இல்லை. அவன் பசியை அவன் உணர விட்டார், கதவை மட்டும் சாத்தவில்லை. இன்னொன்றும் உண்டு. கோபித்துக்கொண்டு விருந்துக்கு வராமல் நின்ற மூத்த மகனைத் தேடியும் அதே தந்தைதான் வெளியே வருகிறார். "உம் மகன்" என்கிறான் அவன்; தந்தையோ "உன் தம்பி" என்று அதைத் திருத்துகிறார். கோவிலுக்கு ஒழுங்காக வரும் நம்மில் பலரும் இந்த மூத்த மகன் பக்கம்தான் என்பதை மறுக்க முடியாது.

இனி, சொல்லக் கடினமான பகுதிக்கு வருகிறோம். "கடவுள் உன் அப்பாவைப் போல அன்பானவர்" என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லும்போது எல்லாப் பிள்ளைகளின் முகமும் மலர்வதில்லை. இரவானால் அப்பாவின் காலடிச் சத்தத்துக்கு நடுங்கும் பிள்ளை அந்த வகுப்பில் இருக்கலாம். கடலுக்கோ துறைமுக வேலைக்கோ போன அப்பா திரும்பி வராத பிள்ளை இருக்கலாம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையையும் விட்டு வைக்கவில்லை. அப்பா யார் என்றே தெரியாத பிள்ளையும் இருக்கலாம். அப்பா என்ற சொல்லே காயமாக இருக்கும் ஒருவரிடம் அதே சொல்லைக் கொண்டு கடவுளை எப்படி அறிமுகம் செய்வது?

திருஅவைக்கு இது தெரியாமல் இல்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல், எண் 239இல், பெற்றோர் ஒருவகையில் மனிதருக்குக் கடவுளின் முதல் பிரதிநிதிகள் என்று சொல்கிறது. அதே மூச்சில், அவர்கள் தவறக்கூடியவர்கள், தந்தைமையின் முகத்தையும் தாய்மையின் முகத்தையும் சிதைத்துவிடவும் கூடியவர்கள் என்றும் சொல்கிறது. கடவுள் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. அவரைப் போல் தந்தையாக இருப்பவர் வேறு எவரும் இல்லை. இங்கே வரிசை முக்கியம். நம் அப்பாவைப் பெரிதாக்கிக் கடவுளைச் செய்துகொள்வதில்லை. எபேசியருக்கு எழுதிய மடல் (3:14-15) சொல்வதுபோல, எல்லாக் குடும்பமும் விண்ணகத் தந்தையிடமிருந்தே பெயர் பெறுகிறது. கண்ணாடியில் கீறல் விழுந்தால் உருவம் கோணலாகத் தெரியும். அதற்காக எதிரில் நிற்பவரின் முகம் கோணல் ஆகிவிடாது.

எசாயாவின் புகழ்பெற்ற இறைவாக்கும் (49:15) இதைத்தான் சொல்கிறது. பால் குடிக்கும் மகவைத் தாய் மறப்பாளா என்ற கேள்வியோடு நாம் நிறுத்திவிடுகிறோம். இறைவாக்கினர் அங்கே நிறுத்தவில்லை. அவள் மறந்தாலும் மறக்கக்கூடும், நான் மறவேன் என்று கடவுள் சொல்வதாக முடிக்கிறார். தாய் மறக்கக்கூடும் என்பதை விவிலியமே ஒத்துக்கொள்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் தொடங்க வேண்டியிருந்ததும் நம் வரலாறுதான். அந்தத் தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டு இருட்டில் நடந்து போன தாயைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வறுமையும், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற வீட்டாரின் வற்புறுத்தலும் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கும். கொல்லாமல் தொட்டில் வரை கொண்டுவந்ததே அவளிடம் எஞ்சியிருந்த அன்பாக இருக்கலாம்.

பெற்றால்தான் பிள்ளையா என்ற கேள்விக்குத் திருஅவை தரும் பதில் சூசையப்பர். பெறாத பிள்ளைக்குப் பெயரிட்டு, தொழில் கற்றுக்கொடுத்து, எகிப்துவரை தூக்கிக்கொண்டு ஓடியவர். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் தேம்பாவணியை 3615 பாடல்களில் பாடியபோது காப்பியத் தலைவனாகத் தேர்ந்துகொண்டது இந்த வளர்ப்புத் தந்தையைத்தான். வளன் என்று அவருக்குத் தமிழ்ப் பெயரும் சூட்டினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8இல் வெளியிட்ட திருத்தூது மடலில், விண்ணகத் தந்தையின் நிழலாகச் சூசையப்பரைக் காட்டி, பிள்ளையைத் தன் உடைமையாக்கிக்கொள்ளாத அன்பே தந்தையின் அன்பு என்று விளக்கினார். பவுல் அடிகளும் நம்மைக் கடவுளின் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் என்றுதான் சொல்கிறார். அந்த உரிமையில்தான் "அப்பா" என்று அழைக்கிறோம் (உரோமையர் 8:15). இயேசு பேசிய அரமேயத்தில் "அப்பா" என்பதும் தமிழில் "அப்பா" என்பதும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல்தான். ஆனாலும் வேறு பல மொழிக்காரர்கள் விளக்கம் கேட்டுப் புரிந்துகொள்ளும் சொல் நமக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கிறது. வடசென்னையில் "நைனா" என்று அழைக்கும் வீடுகளும் உண்டு. அந்தச் சொல்லும் அவருக்குக் கேட்கும்.

சூசையப்பர், இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று நம் முன்னோர் புனிதர்களுக்கு வழங்கிய பெயர்கள் எல்லாமே "அப்பர்" என்று முடிவதைக் கவனித்திருக்கிறோமா? இவர்களில் இராயப்பர், அதாவது தூய பேதுரு, இந்தப் பகுதிக்கே உரியவர். இராயபுரம் என்ற பெயர் அவரால் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. துறைமுகம் கட்டப்படாத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகோட்டிய கிறிஸ்தவர்கள் அவருக்கு இங்கே ஆலயம் எழுப்பினார்கள்.

அந்த மீனவரைக் குருத்தோலை ஏந்தியவராகவோ, திறவுகோல் பிடித்தவராகவோ பார்ப்பதைவிட, யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தின் கரையில் பார்ப்பது நமக்கு நெருக்கமாக இருக்கும். இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் படவில்லை. மும்முறை மறுதலித்த வெட்கம் வேறு உள்ளுக்குள். விடியும்போது கரையில் நிற்பவர் அவர்களைப் பிள்ளைகளே என்றுதான் கூப்பிடுகிறார். கரையில் கரி நெருப்பு மூட்டியிருக்கிறது, மேலே மீன், பக்கத்தில் அப்பம். பேதுரு மறுதலித்த இரவில் தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்ததும் கரி நெருப்புத்தான். யோவான் இரண்டு இடத்திலும் ஒரே கிரேக்கச் சொல்லை எழுதுகிறார். ஏன் மறுதலித்தாய் என்று ஆண்டவர் தொடங்கவில்லை. முதலில் உண்ண அழைக்கிறார். கோபித்துக்கொண்டு போன மகன் இரவு பதினோரு மணிக்கு வீடு திரும்பினால் எந்தத் தாயும் கேட்கும் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்பதுதானே.

மறுதலிப்பு எத்தனை முறையோ அத்தனை முறை அன்பைப் பற்றிய கேள்வி, சாப்பிட்டு முடித்த பிறகே வருகிறது. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஆடுகளைப் பேணும் பொறுப்பை அவர் கையில் கொடுக்கிறார். தவறிப்போன பிள்ளையே பிறருக்குத் தந்தையாகிறார்.

இராயப்பரையும் சின்னப்பரையும் திருஅவை ஜூன் 29இல் கொண்டாடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து அப்போது இரண்டு வாரம் ஆகியிருக்கும். இரண்டு மாதமாக வீட்டில் இருந்த அப்பாக்கள் விசைப்படகுகளில் மறுபடியும் தங்கு கடலுக்குப் போயிருப்பார்கள். காசிமேட்டில் பிள்ளைகள் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.