வயிற்றைக் கட்டிச் சேர்க்கும் காசு வேண்டாம்

வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் செலவுக் கணக்கு தொடங்கிவிடுகிறது. பல வீடுகளில் முதலில் சுருங்குவது அவள் தட்டுதான். முட்டை நிற்கிறது, பழம் குறைகிறது, அடுத்த ஸ்கேன் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போகிறது. அதே வீட்டில் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று நம்பிக் குங்குமப்பூ வாங்குகிறார்கள். குங்குமப்பூவுக்கும் குழந்தையின் நிறத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தக் காசுக்கு மயிலாப்பூர் மாடவீதியில் எத்தனை வாரத்துக்குக் கீரையும் கொய்யாவும் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்தசோகை. சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பது சேமிப்பு ஆகாது.

மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. முதல் இடம், நமக்குச் சேர வேண்டிய பணத்தை விடாமல் வாங்குவது.

அடையாறில் அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் 1987-இல் 300 ரூபாயோடு தொடங்கிய மகப்பேறு நிதியுதவி இன்று 18,000 ரூபாய். இதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும். மீதி 4,000 ரூபாய்க்குச் சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் அடங்கிய இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு, 19 வயது நிறைந்திருந்தால், இரண்டு பிரசவம் வரை கிடைக்கும். 12 வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும். கணக்கு அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். நாள் தள்ளிப்போனதை மூன்று நான்கு மாதம் வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் வழக்கத்தில்தான் இந்தப் பணம் கை நழுவுகிறது.

மந்தைவெளியிலும் அடையாறிலும் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் கர்ப்பமாக இருந்தால், சம்பளத்தோடு ஒருநாள் விடுப்புக் கொடுத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே பதிந்தால் 12 இலக்க 'பிக்மி' எண் கிடைக்கும். உதவித்தொகைக்கு மட்டுமல்ல, நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். அதனால் தனியார் மருத்துவமனைக்குப் போகும் வசதியான வீட்டுப் பெண்களும் பதிந்தே ஆக வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தஞ்சாவூருக்கோ திருநெல்வேலிக்கோ தாய்வீடு போகிறவர்கள் அதே எண்ணைக் கையோடு கொண்டு போகலாம். அங்கே புதிதாக இன்னொன்று வாங்க வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன் உட்பட, முழுக்க இலவசம். மருந்து, இரத்தம், பரிசோதனை, சாப்பாடு எல்லாமே அதில் அடக்கம் என்பது 2011 முதல் நடப்பில் உள்ள திட்டம். திருவல்லிக்கேணியில் நாம் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை 1885-இலும், எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை 1844-இலும் தொடங்கியவை. சிக்கலான பிரசவங்களைத் தனியார் இடங்களிலிருந்து அனுப்பி வைப்பதும் இப்படிப்பட்ட பெரிய அரசு மருத்துவமனைகளுக்குத்தான். குழந்தையைக் காட்ட, தள்ளுவண்டி தள்ள என்று யாராவது கை நீட்டினால் கொடுக்காதீர்கள். 104-ஐ அழைத்துப் புகார் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இன்னும் பெரிய தொகை காத்திருக்கிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணிக்கடைத் தளங்களில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடி புடவை விரித்துக் காட்டும் பெண்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தாலே 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் கூட்டிய இந்த உரிமை, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு அது 12 வாரம். பிரசவத்துக்கு ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில், அந்தப் பெண் கேட்டுக்கொண்டால், நெடுநேரம் நிற்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது. தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"அஞ்சாம் மாசம் ஆயிடுச்சு, நின்னுக்கோம்மா" என்று மேற்பார்வையாளர் சொன்னால் ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிறுத்துவது சட்டவிரோதம். தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டால் நீங்களே விலகியதாகிவிடும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், 26 வாரச் சம்பளத்தைத் தருவது இ.எஸ்.ஐ. நிறுவனம். பிரசவம் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். பிடித்தம் செய்த பணத்தை முதலாளி கட்டவில்லை என்று சந்தேகம் வந்தால், நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் உள்ள இ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்தில் கேளுங்கள்.

தனியார் மருத்துவமனைதான் என்று முடிவு செய்தவர்களுக்கு 'பேக்கேஜ்' என்ற ஒற்றைத் தொகையைச் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்காமல் எழுத்தில் வாங்குங்கள். அறை வாடகை எத்தனை நாளுக்கு? மயக்க மருந்து நிபுணர், குழந்தை மருத்துவர் கட்டணம் உள்ளேயா வெளியேயா? கையுறை, ஊசி, பஞ்சு தனி பில்லா? நார்மல் என்று தொடங்கிச் சிசேரியனில் முடிந்தால் எவ்வளவு கூடும்? குழந்தையை வார்மரிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ வைக்க நேர்ந்தால் ஒருநாளைக்கு எவ்வளவு? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. குடும்பங்கள் கடனில் விழுவது அங்கேதான். அதே 2019-21 ஆய்வில், தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் சுமார் 64 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். எனவே சிசேரியன் தொகையைக் கணக்கில் வைத்தே பணம் ஒதுக்குங்கள். மருந்தை வெளிக்கடையில் வாங்குவதும், பில்லை வரிவரியாகக் கேட்பதும் தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைப் பட்டியலில் இருப்பவை.

ஸ்கேனுக்குக் காத்திருக்கும் இடத்தில் தொப்புள்கொடி இரத்தச் சேமிப்பு முகவர்கள் வந்து பேசுவார்கள். "உங்க குழந்தைக்கு நீங்க இதைக்கூடச் செய்ய மாட்டீங்களா" என்ற பேச்சுக்கு மறுக்கத் தெரியாமல் பல ஆயிரம் கட்டுகிறார்கள். குழந்தையின் சொந்த எதிர்கால உபயோகத்துக்காக அதைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லியிருக்கிறது. மரபணு நோய் வந்தால் அதே குறை அந்த இரத்தத்திலும் இருக்கும். தைரியமாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காப்பீட்டில் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. கர்ப்பம் உறுதியான பிறகு எடுத்தால் பயனில்லை. கல்யாணம் நிச்சயமானதுமே யோசிக்க வேண்டிய விஷயம் இது. அலுவலகக் குழுக் காப்பீடு இருந்தால் பிரசவத்துக்கான உச்சவரம்பையும், பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே காப்பு உண்டா என்பதையும் மனிதவளத் துறையிடம் இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். கோரிக்கையை நியாயமில்லாமல் நிராகரித்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மருத்துவமனை பில்லில் மோசடி, சிகிச்சையில் அலட்சியம் என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கும் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் ரசீதுதான் ஆதாரம், ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேனையும், ஆறு ஏழாம் மாதச் சர்க்கரைப் பரிசோதனையையும் மட்டும் எந்தக் கணக்கிலும் வெட்டாதீர்கள். சர்க்கரைப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள். உங்கள் வீட்டிலோ, கீழ்வீட்டிலோ, கடையில் பக்கத்து கவுண்டரிலோ ஒரு பெண் மாசமாக இருந்தால், பிக்மி எண் வாங்கியாயிற்றா என்று இன்றைக்கே கேளுங்கள்.