மதிலோர முருங்கை

அசோக் நகரில் எங்கள் வீட்டுக் கொல்லை முருங்கையால் அண்டை வீட்டாரோடு பேச்சே அற்றுப்போயிருந்தது. கம்பளிப்பூச்சிகள் மதில் தாண்டியதே காரணம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அம்மரத்தைச் சாய்த்தது. முருங்கை மெல்லிய மரமல்லவா! மறுநாள் அவ்வீட்டு அம்மையார் மதிலருகே வந்து, "பாய், ஒரு போத்து தருவீர்களா?" என்றார்.

முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்தில் மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாகும் என்னும் நபி (ஸல்) அவர்களின் வாக்கை, புகாரியிலிருந்து மாணவர்களுக்குப் பலமுறை ஓதிக் கொடுத்தவன் நான். கம்பளிப்பூச்சியை அக்கணக்கில் சேர்த்ததில்லை.

இரு போத்துகளை வெட்டி, நுனியில் சாணம் அப்பி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டோம். நீர் மிகுந்து எங்களுடையது அழுகிற்று, அவர்களுடையது துளிர்த்தது.

இப்போது ரமழானில் நோன்புக் கஞ்சி அங்கே போகிறது. கீரை இங்கே வருகிறது, கம்பளிப்பூச்சியும் கூடவே.